ப்ரூகலின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பிய ஓவியங்கள் பற்றிய கட்டுரையோடு, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஏதேன் தோட்டத்து ஓவியத்தை முழுப்பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். அச்சு அருமை. ஆனால் படத்தின் கீழே ‘ரூபன்ஸ்’ என்ற பெயர் மட்டுமே இருந்தது மனத்தை உறுத்துகிறது. அது ரூபன்ஸும், யான் ப்ரூகல் (மூத்தவர்) என்ற ஓவியரும் 1615 வாக்கில் ஒரே மரப்பலகையில் சேர்ந்து வரைந்தது.

ஆதாம், ஏவாள், பக்கத்தில் நிற்கும் குதிரை, மரம், பாம்பு ஆகியவை ரூபன்ஸின் கைவண்ணம். ஏனைய விலங்குகளும் பறவைகளும் செடிகொடிகளும் ப்ரூகலுடையவை. ரூபன்ஸின் தூரிகை வேகமாக ஓடும். மெல்லிய பூச்சிலேயே தசையும் தோலும் உயிர்பெற்றுவிடும். ப்ரூகலோ ஒவ்வோர் இறகாக, ஒவ்வோர் இலையாக நிதானித்து வரைபவர். பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் வளர்த்த விலங்குகளை நேரில் பார்த்துக் கற்றவர். உங்கள் அச்சுப் பிரதியிலேயே ஆதாமின் தோளையும் அருகிலுள்ள ஓர் இலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இருவரின் கைவண்ணமும் தனித்தனியே தெரியும்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் நான். இருவர் சேர்ந்து வரையும்போதெல்லாம், “யார் எதை வரைந்தது என்று தெரியக் கூடாது” என்றே மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். இந்த ஓவியத்தைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். ஆன்ட்வெர்ப் நகரின் இந்த இரு நண்பர்களும் தங்கள் வேறுபாட்டை மறைக்கவில்லை. உருவங்கள் ரூபன்ஸுடையவை என்று இடப்பக்கத்திலும், ப்ரூகல் வரைந்தது என்று வலப்பக்கத்திலும் லத்தீனில் எழுதியே வைத்தார்கள். அப்போது ஊரில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் ரூபன்ஸ். அவரே பங்குபோட்டுக் கொண்ட பெயரை நாம் ஏன் ஒருவருக்கு மட்டும் எழுதிவைக்க வேண்டும்?

அவர்களுடைய நட்பு பலகையோடு நிற்கவில்லை. மிலான் நகரத்துப் புரவலருக்கு ப்ரூகல் அனுப்பிய இத்தாலியக் கடிதங்கள் பலவற்றை அவருக்காக எழுதிக்கொடுத்தவர் ரூபன்ஸ். 1625இல் ப்ரூகல் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளின் காப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். ஓவியத்தின் வலது மூலையில் ப்ரூகல் தம் பெயரை எழுதிய இடத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால் இன்னும் மகிழ்வேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்