மேடை அலங்காரக்காரர்களுக்கு ஒரு சம்பங்கி விவசாயியின் திறந்த மடல்

கடலூரிலும் பாண்டியிலும் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

சாயந்திரம் ரிசப்ஷனுக்குப் போடுகிற மேடையை மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் பிரித்துவிடுகிறீர்கள். ஒரு ராத்திரியும் ஒரு காலையும் நிற்க வேண்டிய மேடைக்குத் தாய்லாந்திலிருந்து விமானமேறி வரும் ஊதா ஆர்க்கிட் எதற்கு? அது பத்து நாள்கூட வாடாது, உண்மைதான். தண்டோடு வெட்டித் தண்ணீரில் வைத்த சம்பங்கி நாலைந்து நாள் தாங்குமே, போதாதா? நிறத்துக்குச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் இருக்கின்றன.

உங்கள் சிரமமும் தெரியும். மண்டிக்கு நாங்கள் கொண்டுவருவது உதிரிப்பூ. விடியுமுன் பறித்து, கிலோ கணக்கில் போட்டுவிட்டு வருகிறோம். மாலை கட்ட அது சரி. உங்களுக்கு வேண்டியதோ ஒரே நீளத்தில் தண்டு. அதற்கு ஏற்றது அடுக்குச் சம்பங்கி. எங்களிடம் பெரும்பாலும் இருப்பது ஒற்றைச் சம்பங்கி. நீங்கள் கேட்காததால் நாங்கள் நடவில்லை, நாங்கள் நடாததால் நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போடுகிறீர்கள்.

கிழங்கு ஊன்றி மூன்று மாதத்தில் பூ வரத் தொடங்கும், இரண்டு மூன்று வருஷம் நிற்கும். தையில் பேசி முடித்தால் சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்குத் தண்டு தயார். அடிப்பூ ஒன்றிரண்டு ஜோடி விரிந்ததும் வெட்டி, வாளித் தண்ணீரோடு மண்டப வாசலில் இறக்குகிறோம். மேலே இருக்கும் மொட்டுகள் மேடையிலேயே மலரும்.

முகூர்த்த நாளில் விலை தாறுமாறாக ஏறுகிறது என்கிறீர்கள். நியாயம். அதே பூ மற்ற நாளில் பறிப்புக் கூலிக்குக்கூடத் தேறுவதில்லை. சீசன் முழுக்க ஒரே ரேட் பேசிக்கொள்ள நான் தயார்.

சீனாவிலிருந்து வரும் பிளாஸ்டிக் பூவிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. அலங்காரத் தெர்மாகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. பிளாஸ்டிக் பூ அந்தப் பட்டியலில் இல்லை. ஒருமுறை வாங்கிப் பல கல்யாணத்துக்கு மாட்டும் பூவோடு நாங்கள் விலையில் மோதவே முடியாது. ஆனால் தாலி கட்டுகிற இடத்தில், வாசமே இல்லாமல், போன கல்யாணத்துத் தூசியோடு அது தொங்குவதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அந்த நாட்களில் வெளியூர்ப் பூ வாங்குங்கள், குறை சொல்ல மாட்டோம். மற்ற மாதங்களில் கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கும் கொட்டேஷனில் ‘உள்ளூர்ப் பூ மேடை’ என்று ஒரு வரி சேருங்கள். எது வேண்டுமென்று அவர்கள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
நெல்லிக்குப்பம் பக்கத்துச் சம்பங்கி விவசாயி