பிறப்பு இறப்புக் கணக்கெடுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கு வணக்கம்.

நம் கடற்கரை ஊரின் 2011 முதல் 2020 வரையிலான பிறப்பு, இறப்பு, சிசு மரணக் கணக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. “ஆபீஸ் ஏட்டைப் பார்த்து எழுதினால் போதாதா, எதற்கு வீடு வீடாக ஏறி இறங்கணும்?” என்று கேட்டவர்கள் உண்டு. போதாது. பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நம் பெண்களோ பிரசவத்துக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம், ஆசாரிப்பள்ளம் என்று போகிறார்கள். நம் ஊர் ஏட்டை மட்டும் நம்பினால் இங்கே பிள்ளையே பிறப்பதில்லை என்றுதான் எழுத வேண்டிவரும்.

அதனால் முதல் நன்றி நம் கிராம சுகாதார செவிலியருக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் யார், வெளியூரிலிருந்து பிரசவத்துக்கு இங்கே வந்தவர் யார் என்று சிஸ்டர் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தார். “பேர் ஒன்றும் தரமாட்டேன், எண்ணிக்கை மட்டும் சொல்றேன்” என்று கறாராகச் சொன்னார். அதுதான் முறை. அங்கன்வாடி டீச்சரும் தம் பதிவேட்டோடு அதை ஒத்துப் பார்த்துத் தந்தார்.

இறப்புக் கணக்கு இன்னும் சிக்கல். வளைகுடாவில் இறந்தவர்கள் இங்குள்ள ஏட்டில் இல்லை. ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் கடைசியில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை எந்தக் கல்லறைப் பதிவிலும் தேட முடியாது. அந்த வீடுகளுக்கு எங்களோடு வந்து, முதலில் தாமே பேசி, பிறகு எங்களைப் பேசவிட்ட சங்கத்து அக்காமாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கோயில் கணக்கப்பிள்ளை அண்ணன் பழைய ஏடுகளையும் திறந்து காட்டினார். ஞானஸ்நானம் பெறுமுன் போன பிள்ளைகள் அவற்றில் இல்லை. அவர்களைப் பாட்டிமார்தான் சொன்னார்கள். “பெத்தது எட்டு, நின்னது அஞ்சு” என்று ஒரு பாட்டி சாதாரணமாகச் சொன்னார். மீதி மூன்றையும் அப்படியே சிசு மரணத்தில் சேர்த்துவிட முடியாது. செத்துப் பிறந்தது அந்தக் கணக்கில் வராது, உயிரோடு பிறந்து ஒரு வயதுக்குள் போனால்தான் வரும். “பிள்ளை அழுதுச்சா பாட்டி?” என்று கேட்கவேண்டி வந்தது. “ரெண்டு அழுதுச்சு. ஒண்ணு அழவே இல்லை” என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லாத் தாய்மாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வீதம் கணக்கிட உதவிய கணக்கு சாருக்கு ஒரு தனிக் கும்பிடு. ஐம்பது பிள்ளை பிறக்கும் ஊரில் ஒரு பிள்ளை போனாலே சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 20. தமிழ்நாட்டின் வீதம் 2020இல் 13தான். அடுத்த வருடம் ஒன்றும் போகாவிட்டால் பூஜ்யம். எனவே வருடவாரியாக வெளியிட்டு ஊரைப் பயமுறுத்த வேண்டாம், பத்தாண்டையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான்.

அப்புறம், இறப்பு வீதத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். 2020இல் ஆயிரம் பேருக்கு இந்தியாவில் 6.0 இறப்பு, பக்கத்துக் கேரளத்தில் 7.0. ஆனால் சிசு மரணம், உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைக்கு, இந்தியாவில் 28, கேரளத்தில் வெறும் 6. வயதானவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் இறப்பு வீதம் கூடத்தான் செய்யும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் தனியாக இருக்கும் நம் தெருக்களும் அப்படித்தானே?

வெயிலில் வந்த எங்களுக்கு மோரும் கட்டன்சாயாவும் தந்த வீடுகளுக்கும், ஜெராக்ஸுக்குக் காசு வாங்காத தம்பிக்கும் நன்றி. கணக்கின் நகல் படிப்பகத்தில் இருக்கிறது. பெயர் எதுவும் அதில் இல்லை. உங்கள் வீட்டில் நடந்த பிறப்போ இறப்போ விட்டுப்போயிருந்தால் மாலையில் வந்து சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
கணக்கெடுத்த பிள்ளைகள் சார்பில்,
படிப்பகச் செயலாளர்