முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். குடிநீர்த் தொட்டி மாற்றியாயிற்று. கஜா புயலில் பறந்துபோன சைக்கிள் கொட்டகைத் தகரத்துக்கு ஒருவழியாக இந்த ஆண்டு விடிவு வந்தது. பத்தாம் வகுப்புப் பரிசுகள் எப்போதும்போல. சரி, நம் பணத்தையும் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொண்ட கணினி விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் பெரிய தொடுதிரைப் பலகை வாங்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். விற்பனைக்காரர் ஒருவரும் வந்து போட்டுக் காட்டினார். இதயம் துடித்தது, எரிமலை வெடித்தது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அறிவியல் ஆசிரியர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "இதுல பிள்ளைங்க என்ன செய்வாங்க?" வந்தவர் மறுபடியும் எரிமலையைக் காட்டினார். பாடநூலில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஓடுகிறது, பள்ளியில் ஹைடெக் லேபும் உண்டு. பார்க்கிறதுக்குப் பஞ்சமில்லை என்று முடிவுசெய்து, நிர்வாகக் குழு பலகையைக் கைவிட்டது.

அதற்குப் பதில் உங்கள் வீட்டுப் பரணைக் கேட்டோம். அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் வாங்கியவை பல வீடுகளில் தூசி படிந்து கிடந்தன. பேட்டரி செத்ததைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, நேரடி மின்சாரத்தில் ஓட விட்டோம். எழுத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபிஸ், கணித வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா, அப்புறம் இறக்கி வைத்த பக்கங்களைக் காட்டும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா. மூன்றுக்குமே இணையம் வேண்டாம். மழைத்தூறல் விழுந்தாலே சிக்னல் போகிற ஊரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் உருப்படியாக நடந்தது தண்ணீர்க் கணக்கு. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிற மேட்டூர் அணை போன ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தது. இரண்டே நாளில் 120 அடியும் நிரம்பிவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், டிஎம்சி என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். கணித ஆசிரியர் பதில் சொல்லாமல் கணினியில் விரிதாளைத் திறந்து கொடுத்துவிட்டார். ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்துப் பார்த்தால், விநாடிக்குச் சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி. அணையின் கொள்ளளவோ 93.47 டிஎம்சி. அன்றிலிருந்து பேப்பரில் வருகிற நீர்வரத்தையும் திறப்பையும் தினமும் பதிந்து வரைபடம் போட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "கோடு மேல போயிடுச்சு, நம்ம வாய்க்கால்ல தண்ணியக் காணோமே?"

பாசனத்தின் கடைசி முனையில் இருக்கும் கடைமடைக்காரர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்தத் தடவை கேட்டவள் கையில் கணக்கு இருந்தது. லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பாசனப் பணியாளராக, இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு போவது, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிவது, காய்ந்து கிடக்கும் ஆற்று மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடுவது, எல்லாவற்றையும் சாக்பீஸால் வரைந்து காட்டினார். அதையே பிள்ளைகள் செயற்கைக்கோள் படத்தின்மேல் ஆறு ஆறாக வரைந்து வைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் ஒட்டியிருக்கிறது, போகும்போது பாருங்கள். லஸ்கருக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் பாட்டிலை வெட்டி மழைமானி செய்தார்கள். நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறும் முன்பே நம் சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 13,500 லிட்டர் என்று பிள்ளைகள் சொன்னபோது, வடிகால் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கிற விவசாயிகள் அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கடல் பக்கம் போகப் போக அடிபம்புத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று தெருவாரியாக அளந்து வருகிறார்கள். இன்னும் முடியாத வேலை, அதனால் முடிவு எதுவும் இங்கே சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடத்தில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற, கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் செயல்முறைகளைப் பயன்படுத்தினார்கள். மின்சுற்றைத் தப்பாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பையன்கள் வேண்டுமென்றே தப்பாக இணைத்தார்கள். லேபில் பற்றுவதற்குத் திரையில் பற்றட்டும்.

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: இதனால் மார்க் வருமா? இந்த வேலையால் மார்க் கூடியது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அலகு மாற்றும் கணக்கில் பயம் போயிருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறது. திரும்பினாலும் முதலில் அண்ணன் கைக்குத்தான் போகும், தங்கைக்கு வராது. அதனால் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லி, பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் மடிக்கணினி அறையைத் திறந்து வைக்கிறோம். சாவிப் பொறுப்புக்கு இன்னும் இரண்டு உறுப்பினர்கள் வேண்டும்.

வரும் ஆண்டு, தாத்தா பாட்டிகளிடம் குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெல் ரகங்களைப் பற்றிப் பேட்டி எடுத்து ஒலிப்பதிவாகச் சேர்க்கத் தமிழாசிரியர் விரும்புகிறார். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வாழ்ந்த வட்டாரத்தில் பேச ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. இரண்டு மைக் போதும். தீர்மானமாக வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே கட்டிவிட்டால் அவருக்கு வசதி.

செயலாளர்