ஸ்பானிய வகுப்புக்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் ஸ்பானிஷ் இம்மர்ஷன் கிண்டர்கார்டனில், அதாவது பாடங்களை ஸ்பானிய மொழி வழியாகக் கற்பிக்கும் ஐந்து வயதினருக்கான வகுப்பில், பிள்ளையைச் சேர்க்கவிருக்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர், பள்ளி திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே செய்யத் தொடங்கும் ஒரு காரியம் குறித்து எழுத விரும்புகிறேன். ஐந்து வயதில் மூன்று மொழிகள் சுமையாகிவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கைபேசிச் செயலியைக் கொண்டு நிறங்களின் பெயரையும் எண்களையும் ஸ்பானிய மொழியில் மனப்பாடம் செய்விக்கிறார்கள். என் மகளைச் சேர்த்த ஆண்டில் நானும் இரண்டு மாதங்கள் இதையே செய்தேன். வகுப்பு தொடங்குமுன் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எந்த மொழியில் கதை சொல்கிறீர்கள் என்பதுதான். அப்போது எந்த மொழியிலும் நான் கதை சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

இந்த வகுப்புகள் ஸ்பானிய மொழி அறியாத பிள்ளைகளையும் மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டவை என்பதைப் பெற்றோர் முதலில் உணர வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளைக் கிண்டர்கார்டன் முதலே பிரெஞ்சு வழியில் படிக்கவைக்கும் முயற்சி 1965இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1971இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிய வழி வகுப்பு ஏற்பட்டது. இன்று சில பள்ளிகள் கிண்டர்கார்டனில் 90 விழுக்காடு நேரத்தை ஸ்பானிய மொழிக்கு ஒதுக்கி ஆண்டுதோறும் ஆங்கிலத்தின் பங்கைக் கூட்டுகின்றன. வேறு சில தொடக்கத்திலிருந்தே பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. எந்த முறையானாலும், ஆசிரியை "சியெந்தென்சே" என்று சொல்லும்போதே தாமும் உட்கார்ந்து காட்டுகிறார். சைகை, படம், பாட்டு, நாள்தோறும் மாறாத ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு பிள்ளைகள் பொருளை ஊகித்துக்கொள்கிறார்கள். பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், கேட்பார்களே தவிர அம்மொழியில் வாய் திறக்க மாட்டார்கள். ஸ்பானிய மொழியில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். இது இயல்பானதே. வீடு திரும்பியதும், இன்று என்ன கற்றாய், சொல்லிக்காட்டு என்று பிள்ளையை நிற்கவைத்துக் கேட்பது அந்த மௌனத்தை நீட்டிக்கவே செய்யும் என்பது என் அனுபவம்.

தமிழுக்கு வருகிறேன். நேற்று மழையில் நனைந்ததை, முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, ஏன் அப்படி நடந்தது என்று தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, கதை சொல்லுதல், காரணம் காட்டுதல், ஒப்பிடுதல் ஆகிய திறன்கள் ஏற்கெனவே கைவந்துவிட்டன. புதிய வகுப்பில் அவளுக்குத் தேவைப்படுவது அவற்றுக்கான புதிய சொற்களே. ஒரு மொழியில் வேரூன்றிய இத்தகைய திறன் மற்றொரு மொழிக்கும் துணைநிற்கும் என்பதைக் கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே விரிவாக எடுத்துரைத்தார். வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர், தமக்குச் சரளமாக வரும் மொழியை விட்டு, தாமே தடுமாறும் மொழியில் இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளையின் காதில் விழும் பேச்சு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஸ்பானிய மொழியில் கிடைக்கும் அனுகூலம் ஒன்றும் உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் குறை. ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகள் சொல்லின் முதலில் வரும் 'த'கரத்தை மூச்சோடு சேர்த்து 'ட'கரத்தின் பக்கம் கொண்டுபோவார்கள். நம் பிள்ளைகளுக்கோ தக்காளி என்று பொருள்படும் 'தொமாத்தே' என்பதன் முதலெழுத்து நம் தகரமேதான். நாளை என்று பொருள்படும் 'மஞானா'வின் நடுவில் வருவது நம்முடைய ஞகரம். ஸ்பானிய மொழியில் 'ஆனால்' என்பதற்கான சொல்லும் 'நாய்' என்பதற்கான சொல்லும் ரகரத்தை ஒருமுறை தட்டுவதிலும் உருட்டி ஒலிப்பதிலும் மட்டுமே வேறுபடுகின்றன. 'ர', 'ற' இரண்டையும் பிரித்து ஒலித்துக் காட்டும் பாட்டி வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு புதிதாகத் தோன்றாது. இலக்கணத்திலும் இந்த நெருக்கம் தொடர்கிறது. 'ஆப்லோ' என்றாலே பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றாலே பேசுகிறோம்; நான், நாம் என்று தனியே சொல்லத் தேவையில்லாமல் வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடும். நெருக்கமானவரை 'து' என்றும் மரியாதைக்குரியவரை 'உஸ்தே' என்றும் அழைப்பதன் காரணத்தை, நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய குழந்தைக்கு விளக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் ஆயத்தம் எதுவுமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அதில் பெரும்பகுதி மொழியைச் சார்ந்ததன்று. தானே கழிப்பறைக்குச் சென்றுவரவும், உணவு டப்பாவைத் திறக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் தெரிந்த பிள்ளைக்குப் புரியாத மொழியின் நடுவே பாதி அச்சம் குறைந்துவிடுகிறது. கழிப்பறைக்கு 'பாஞோ', தண்ணீருக்கு 'ஆக்வா', உதவிக்கு 'ஆயுதா', வலிக்கிறது என்பதற்கு 'மே துவேலே' ஆகிய நான்கும் போதும். ஸ்பானியப் பாட்டுகளை விளையாட்டாகக் கேட்கவைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உன் ஆசிரியை வேறு மொழியில் பேசுவார், முதலில் புரியாது, உன்னோடு சேரும் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே, தமிழிலேயே, உண்மையைச் சொல்லிவைப்பது. இதை நான் சொல்லத் தவறியதால், என் மகள் முதல் வாரம் முழுவதும் தனக்குக் காது சரியில்லை என்றே எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெற்றோருக்கும் ஓர் ஆயத்தம் தேவை. முதலாம், இரண்டாம் வகுப்புகளில் ஆங்கில வாசிப்பில் இப்பிள்ளைகள் பிந்தியிருப்பதுபோல் தோன்றும். அதைக் கண்டு பதறிப் பிள்ளையை இடையில் மாற்றிவிடுவோர் உண்டு. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து பொதுப் பள்ளிகளில், இத்தகைய வகுப்புக்கான குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆங்கில வாசிப்பில் முன்னவர்கள் ஐந்தாம் வகுப்பில் ஏறத்தாழ ஏழு மாதப் படிப்பு அளவும், எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ ஒன்பது மாதப் படிப்பு அளவும் முந்தியிருந்தார்கள். இருசாராரும் இடம் கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களே என்பதால், இதைப் பெற்றோரின் ஆர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கடைசியாக, சேர்க்கையின்போது தரப்படும் வீட்டு மொழிப் படிவம். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பெரிதும் பேசும் மொழி எது என்று அது கேட்கும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுவோரை நான் அறிவேன். நானும் அப்படித்தான் எழுதினேன். அத்தேர்வு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உதவி தேவையா என்று கண்டறிவதற்கானது. புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டுக் கைவிடுவது கல்வி வாய்ப்பை மறுப்பதாகும் என்று, சான்பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வலியுறுத்திய உரிமையின் நீட்சியே இந்தப் படிவம். பள்ளி தொடங்குமுன் அலுவலகத்துக்குச் சென்று என் விடையைத் திருத்தித் தமிழ் என்று எழுதிக்கொடுத்தேன். அன்று இரவே கதை சொல்வதையும் மறுபடி தொடங்கினேன்.

இங்ஙனம்,
அமெரிக்காவில் வாழும் ஒரு தாய்