தேதி பார்த்து அடுக்கு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

அன்புள்ள மாப்ள,

அன்றைக்கு நீ போனில் கேட்டுக்கொண்டிருந்தபோதே கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, பாதியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ரிட்டயர் ஆன கையோடு முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை திறந்த உன் தைரியத்துக்காகவாவது முழுசாகப் பதில் எழுத வேண்டும்.

'பெஸ்ட் பிஃபோர்' தாண்டிய பாக்கெட்டை விற்கலாமா என்று கேட்டாய். அந்தத் தேதி வரைக்கும் ருசியும் மணமும் குறையாது என்று கம்பெனி சொல்கிறது, அவ்வளவுதான். மறுநாளே விஷமாகிவிடாது. 'எக்ஸ்பயரி', 'யூஸ் பை' என்று இருந்தால் கதை வேறு, அந்தத் தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது. 2020இல் வந்த லேபிள் விதிப்படி தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும் எக்ஸ்பயரியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் கம்பெனி விருப்பம். சர்க்கரை, வினிகர் மாதிரி சிலதுக்கு மட்டும் எக்ஸ்பயரி வேண்டாம். எக்ஸ்பயரி தேதி கடந்ததை விற்றால் 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விற்றவனையே பிடிக்கும். 'ஏஜென்சிக்காரன் கொடுத்தான் சார்' என்று நீ கழன்றுகொள்ள முடியாது.

நான் பட்டதையும் சொல்கிறேன். போன வருடம் ஒரு பாட்டி வந்தார். சத்தம் போடவில்லை. குழந்தைக்கு வாங்கிப்போன சத்துமாவு டப்பாவைக் கல்லா மேல் வைத்து, அடியில் புள்ளிப் புள்ளியாக அடித்திருந்த தேதி மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் தாண்டியிருந்தது. நல்லவேளை, மூடி திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். புதுச் சரக்கு வந்ததும் சோம்பேறித்தனத்தில் முன்னால் அடுக்கிவிட்டேன், பழசு ரேக்கின் பின்னால் போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா இன்னமும் என் கடைக்கு வருவதில்லை.

அதற்கப்புறம் பெட்டி இறங்கியதுமே சிவப்பு ஸ்கெட்ச்சில் தேதி முடியும் மாதத்தைப் பெரிசாக எழுதிவிடுகிறேன். முதலில் வந்ததை முதலில் விற்பது என்பார்கள், அதுவும் சரியில்லை. நேற்று வந்த பெட்டிக்குப் போன மாதம் வந்ததைவிட முன்னால் தேதி முடியலாம். முதலில் முடிவதுதான் முன்னால் நிற்க வேண்டும். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு மேல் கெடாமல் நிற்கும் சரக்கில் மாதமும் வருடமும் மட்டும் போட்டால் போதும் என்பது விதி. அதையெல்லாம் மாதம் ஒருமுறை பார். நாளும் சேர்த்துப் போட்ட பிரெட், பால், பனீரைத் தினமும் ஷட்டர் தூக்கியதும் பார்த்துவிடு.

தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. நம் கடற்கரைக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். ஐப்பசி மழையில் நாலு மாதத் தேதி பாக்கியிருந்த ரவையில் வண்டு நெளிந்தது, பாக்கெட் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. கரண்டு பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஃபிரிட்ஜை மட்டும் அணைத்துவிடாதே, தயிர் பாக்கெட்டில் அடித்த தேதி குளிர்ச்சியில் இருந்தால்தான் செல்லும்.

ரிட்டர்ன் எடுப்பானா என்பதை ஏஜென்சியிடம் சரக்கு வாங்குவதற்கு முன்பே பேசிவிடு. அப்புறம் பேசினால் போனையே எடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ் பிடித்து வருகிறேன், உன் ரேக்கை இரண்டு பேருமாகக் கலைத்து அடுக்கலாம். பண்ருட்டிப் பலா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை மோந்து பார்த்துத்தான் அறுக்க வேண்டும்.

உன் பழைய கூட்டாளி