பெல்ஜியம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

ஆப்பிரிக்காவின் காங்கோவில் நடந்த காலனியக் கொடுமைகள் என்றாலே பழி முழுவதும் உங்கள் பழைய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தலையில் விழுகிறது. விழ வேண்டியதுதான். 1884 நவம்பரில் பெர்லினில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதிகள் எழுதினார்கள். ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அங்கே இல்லை. மறு ஆண்டே, பெல்ஜியத்தைவிட 70 மடங்குக்கும் மேல் பெரிய காங்கோ நிலம் லியோபோல்டின் சொந்தச் சொத்தானது.

அப்புறம் நடந்தது ரப்பர் வேட்டை. ஆண்கள் காட்டிலிருந்து ரப்பர் கொண்டுவரும்வரை பெண்களைப் பிணையாக அடைத்து வைத்தார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய் வெட்டிய கையைக் காட்ட வேண்டும். மிருக வேட்டையில் தோட்டாவைச் செலவழித்தவன், உயிரோடிருப்பவரின் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தான். 1904இல் அலைஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண் எடுத்த படம் ஒன்றில் என்சாலா என்ற தந்தை திண்ணையோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது தன் சின்ன மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும். அந்தப் படத்தைத் தயவுசெய்து பாருங்கள்.

சரி, இதெல்லாம் மன்னர் செய்தது என்பீர்கள். 1908இல் காங்கோவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது உங்கள் நாடாளுமன்றம். அப்போது, காங்கோவுக்காக அவர் செய்த தியாகங்களுக்கு நன்றி என்று 5 கோடி பிராங்க் ஒதுக்கப்பட்டது. கை இழந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. அதன்பின் 1960 வரை காங்கோவை ஆண்டது பெல்ஜிய அரசுதான்.

காலனிய வரலாற்றை ஆராய 2020இல் நீங்களே ஒரு குழு அமைத்தீர்கள். 2022 டிசம்பரில் அது மன்னிப்புக் கோரும் தீர்மானம்கூட இல்லாமல் கலைந்தது. மன்னிப்புக் கேட்டால் இழப்பீடும் கேட்பார்களே என்ற பயம்தான் காரணம். லியோபோல்டுக்குப் பணம் ஒதுக்கிய அவைக்கு இந்தத் தயக்கம் எப்படி வந்தது?

காலனி ஆட்சியில் ஆப்பிரிக்கத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கலப்பினக் குழந்தைகளிடம் உங்கள் பிரதமர் 2019இல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இழப்பீட்டுக்காக அப்படிப் பிரிக்கப்பட்ட ஐந்து பெண்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அவர்களைத் தாயிடமிருந்து பிரித்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று 2024 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களைப் போல் பிரிக்கப்பட்ட மற்றவர்களுக்கும் வயதாகிறது. ஒவ்வொருவரும் வழக்குப் போட்டுத்தான் நியாயம் பெற வேண்டுமா? மன்னிப்பையும் இழப்பீட்டையும் சேர்த்து ஒரே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே வாக்கெடுப்பு நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்