கடிகாரம் எண்ணியது நாடியை அல்ல, என் காலடியை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஸ்மார்ட் வாட்ச் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவரே மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது போல எழுதியிருக்கிறார்கள். நானும் இரண்டு வருடமாக ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிகிறவன்தான், கட்டாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அது காட்டும் இதயத் துடிப்பு எண்ணை எந்த நேரத்தில் நம்பலாம், எந்த நேரத்தில் நம்பக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கம் அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினவரும் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவரும் இருக்கிறார்.

எனக்கு 57 வயது. மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாட்ச் துபாயில் இருக்கும் மகன் அனுப்பியது. விடியற்காலையில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்புவேன், நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். கச்சான் காற்று ஆளைத் தள்ளிய ஒரு நாள், பாலத்தின் உச்சியில் வாட்சைப் பார்த்தால் 122. வழக்கமாக அந்த இடத்தில் 95, 100 தான் இருக்கும். பகீர் என்றது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, போனில் நேரம் பார்த்து 15 விநாடி எண்ணினேன். 24 துடிப்பு. நாலால் பெருக்கினால் 96. வாட்ச் இன்னும் 118-ல் நிற்கிறது, அப்புறம் மெதுவாக இறங்கி நூறுக்குக் கீழே வந்தது.

மறுநாள் அதே இடத்தில் ஒரு சந்தேகத்தில் என் காலடியை எண்ணிப் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு 61. நிமிடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது இவ்வளவு நேரமும் என் நடையை எண்ணி, இதயம் என்று என்னிடம் காட்டிக்கொண்டிருந்தது!

இதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம், கேடன்ஸ் லாக் என்கிறார்கள். வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்குமே, அதுதான் அளக்கிற கருவி. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. கையை வீசி நடந்தால் கால் விழுகிற அதிர்வுக்கும் வாட்ச் நகர்கிற அசைவுக்கும் இதே ஒளி கூடிக் குறையும். இரண்டு தாளமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டால் எது நாடி, எது நடை என்று அதற்குப் பிடிபடாமல் போகும். ஆஸ்பத்திரி ஈசிஜி இப்படி ஒளியை நம்பி இல்லை, இதயத்தின் மின்சாரத்தையே நேராகப் பிடிக்கிறது. ஓட்டக்காரர்கள் நெஞ்சில் கட்டும் பட்டையும் அதே வகைதான். அந்தப் பட்டையை ஈரப்படுத்திக் கட்டச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குத் தனியாகத் தண்ணீர் தேவைப்படாது.

இது என் ஒருத்தன் அனுபவம் இல்லை. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டி, உட்கார வைத்து, நடக்க வைத்து, ஓட வைத்து, சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஏழில் ஆறு இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கலோரிக் கணக்கில் எதுவுமே தேறவில்லை, இருந்ததில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். காலையில் 300 கலோரி எரித்துவிட்டேன் என்று வாட்சைக் காட்டிவிட்டு இரண்டு பரோட்டா கூடச் சொல்லும் என் நண்பர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நம்ம கறுத்த தோலுக்கு இந்தப் பச்சை விளக்கு வேலை செய்யாது என்று ஒரு பேச்சும் இங்கே ஓடுகிறது. முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை கூடுதலாகத் தெரிந்தது. 2020-ல் டியூக் பல்கலைக்கழகம் செய்த ஆய்விலோ தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, உடம்பை அசைத்து வேலை செய்யும்போதுதான் சும்மா இருக்கும்போதை விடப் பிழை சுமார் 30 சதவீதம் கூடியது. இரண்டு ஆய்விலும் அசைவு வந்தால் தகராறு வருகிறது, அது போதும் எனக்கு.

அசைவு மட்டுமா, உப்பும் இருக்கிறது. என் தங்கச்சி கடலில் பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கி எடுக்கிற வேலை. அவளுக்கு அடிக்கடி படபடப்பு வருகிறதே என்று, தண்ணீர் புகாது என்று எழுதியிருந்த நம்பிக்கையில் என் வாட்சை ஒருநாள் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் வாங்கிப் பார்த்தால், தண்ணீருக்குள் இருந்த நேரத்தில் பாதிக்கு வெறும் கோடு, மீதிக்கு 61, அடுத்த நிமிடம் 148, திரும்ப 70. அடிப்பக்கக் கண்ணாடியில் மங்கலாக ஒரு வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உப்பு வருகிறது. தண்ணீர் புகாமல் இருப்பது வேறு, தண்ணீருக்குள் துடிப்பை அளப்பது வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரத்தசோகையாம், இப்போது இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாள்.

ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்கள் நடக்கும் தெருவில் 700, 800 ரூபாய்க்கு வாட்ச் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதில் ஒன்றை வாங்கி வந்து வாழைக்காயில் கட்டிக் காண்பித்தான். 76 என்று காட்டியது. வாழைக்காய் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது போல. சிரித்துவிட்டோம். ஆனால் அதே வாட்சைத்தான் அவன் தாத்தாவும் கட்டியிருந்தார்.

அந்தப் பெரியவர்தான் மாத்திரையை நிறுத்தினவர். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் வகை. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் குறைத்து வைப்பதுதான். வாட்சில் 56 என்று வந்ததும் துடிப்பு ரொம்ப இறங்கிவிட்டது என்று அவராகவே நிறுத்திவிட்டார். இந்த மாத்திரையைத் திடீரென்று விடுவது ஆபத்து, துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக எகிறும். அவருக்கு நாலாம் நாள் தலை சுற்றி விழுந்த பிறகுதான் வீட்டில் விஷயமே தெரியும்.

உடற்பயிற்சிக்கு வாட்ச் சொல்லும் இலக்கும் இதே கதைதான். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று 1970-ஐ ஒட்டி வந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பல வாட்சுகள் இலக்கு வைக்கின்றன. என் கணக்கு 163. ஆனால் அது ஒரு சராசரி, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. இன்னும் வேகம் போதாது என்று வாட்ச் அவரை அதட்டிக்கொண்டே இருக்கும்.

என் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். அவர் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத் தாடையில் ஒரு மாதிரி இழுப்பு, சட்டை தொப்பலாக வேர்வை. கூட இருந்தவர்கள் கிளம்பச் சொன்னதற்கு, "வாட்ச்சில் 82 தானே காட்டுது, நார்மல்தான், வாயுவா இருக்கும்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டார். மாரடைப்பு. வாட்ச் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, துடிப்பு உண்மையிலேயே 82 ஆக இருந்திருக்கலாம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வரும் அடைப்பு, துடிப்பு எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே அது வரும். ஈசிஜி எடுக்கும் விலை கூடின வாட்ச்கூட ஒரு கோணத்தில்தான் பார்க்கிறது, ஆஸ்பத்திரியில் 12 கோணம். மாரடைப்பை இது கண்டுபிடிக்காது என்று ஆப்பிள் கம்பெனியே தன் வாட்சைப் பற்றிச் சொல்கிறது. மச்சான் பிழைத்துவிட்டார், அடைத்த குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். இந்தத் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு மூன்று மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப ‘இதயம் காப்போம்’ என்று அரசு 2023-ல் ஒரு திட்டமே கொண்டுவந்திருக்கிறது, அது மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. உங்கள் கட்டுரையிலும் இல்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூக்கத்திலும் நல்ல வாட்ச் காட்டுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. காலையில் எழுந்ததும் வரும் எண் பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கவனிக்க வேண்டிய விஷயம். தாளம் தப்பிய துடிப்பை ஆப்பிள் வாட்ச் பிடிக்குமா என்று 4 லட்சத்து 19 ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அரை சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது, அவர்களில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு அப்போது பதிவானது. ஆகவே எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள், வரவில்லை என்பதற்காக நெஞ்சு வலியைத் தள்ளிப் போடாதீர்கள்.

வாட்ச் கட்டுகிறவர்கள் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல், ரத்தம் கட்டாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள், அடிப்பக்கத்தைத் துடைத்து வையுங்கள். எண் மிரட்டினால் நின்று, விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். துடிப்பு தாளம் தவறுகிற மாதிரி இருந்தால் 15 விநாடி போதாது, முழு நிமிடம் எண்ண வேண்டும். நாடி பிடித்துப் பார்ப்பது நம் வைத்தியர்களுக்குப் பரம்பரை வித்தை, நமக்கு எண்ண மட்டும் தெரிந்தால் போதும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சியாக நாடி எண்ணுவது எப்படி என்று கால் பக்கம் போடுங்கள், எந்தெந்த அறிகுறிக்கு உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. படம் போடுவதாக இருந்தால் வாட்ச் படம் வேண்டாம், மணிக்கட்டில் விரல் வைக்கும் இடத்தைப் பெரிதாகப் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் ஐஸ் கம்பெனி கணக்கு மேஜைக்கு மேலே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
மண்டபம்.